சாக்கெட்டுக்கு வைத்த பொட்டு

எங்கள் காரின் இடது பின்சக்கரத்தில் நான்கு நட்டு. மூன்று கூடப் பிறந்தவை. நாலாவது, வீட்டோடு வந்து தங்கிவிட்ட மாப்பிள்ளை. மூன்றின் தலையும் பத்தொன்பது மில்லிமீட்டர் அளவு. காரோடு வந்த வீல் ஸ்பேனர் அவற்றில் கச்சிதமாக உட்காரும். மாப்பிள்ளையின் தலை இருபத்தொன்று. அவருக்கென்று தனியாக ஒரு சாக்கெட் எடுத்து வைக்க வேண்டியிருந்தது, தனித் தட்டு எடுத்து வைக்கிற மாதிரி. சாக்கெட் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: நட்டின் தலையில் தொப்பிபோல் உட்காரும் இரும்புக் கிண்ணம் அது. அளவு சரியாக இருந்தால் நட்டு சொன்ன பேச்சைக் கேட்கும். ஒரு நூல் கூடிப்போனால் மூலையெல்லாம் மழுங்கி உருண்டையாகிவிடும். அப்புறம் யார் சொன்னாலும் கேட்காது.

அந்த மாப்பிள்ளை வந்து சேர்ந்ததற்கு நான்தான் காரணம்.

என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் வேலையை நிறுத்தி நாலு வருஷம் ஆகிறது. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் திருநின்றவூரிலிருந்து ஆவடி வழியாகப் பூந்தமல்லிக்குப் போய் டயாலிசிஸ். ஆரம்பத்தில் பஸ்ஸில் போய்ப் பார்த்தோம். போகும்போது நிற்க முடிந்தவளுக்குத் திரும்பும்போது உட்காரவும் முடியவில்லை. அதனால் ஒரு பழைய கார் வாங்கினோம். நான் மெக்கானிக் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் இருபத்தைந்து வருஷம் பெட்டி கட்டிக்கொண்டிருந்தவன். வண்டி வேலை எல்லாம் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது, கேட்டுக் கேட்டு மனதில் போட்டுக்கொண்டது. பழமொழியும் அப்படித்தான். யார் வாயிலிருந்து எது விழுந்தாலும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்கிற பழக்கம் எனக்கு. பையில் இருந்து என்ன பயன், வேண்டிய நேரத்தில் கை அதற்குள் போக வேண்டுமே.

இரண்டு வருஷத்துக்கு முன், சித்திரை வெயிலில், டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது சேக்காடு பக்கத்தில் பஞ்சர். பின்சீட்டில் அவள் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இல்லை, எனக்கும் இல்லை. மூன்று நட்டும் வீல் ஸ்பேனருக்கு மசிந்தன. நாலாவது அசையவில்லை. வீல் ஸ்பேனரின் கைப்பிடி குட்டை. பிளாட்பாரத்தில் வாங்கிய சாக்கெட் செட் ஒன்று டிக்கியில் கிடந்தது; அதில் நீளமான கைப்பிடி உண்டு. திறந்தால் பத்தொன்பது இருக்க வேண்டிய குழி காலி. இருபது இருந்தது. மாட்டிப் பார்த்தேன். ஆடியது. கொஞ்சம்தானே என்று நினைத்தேன்.

போதாததற்கு அது பன்னிரண்டு மூலை வைத்த சாக்கெட். நட்டுக்கு ஆறு பட்டை. ஆறு பட்டை சாக்கெட் நட்டைக் கட்டிப்பிடிக்கும். பன்னிரண்டு மூலை சாக்கெட் அதன் காதைத்தான் பிடித்துத் திருகும். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. காலை வைத்து ஒரு மிதி மிதித்தேன். கடக் என்று ஒரு சத்தம். நட்டு கழன்றுவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். கழன்றது நட்டு அல்ல, அதன் மூலைகள்.

அவசரத்தில் அண்டாவில்கூடக் கை நுழையாது என்பார்கள். அன்றைக்கு என் கை நுழைந்தது; நுழையக்கூடாத இடத்தில் நுழைந்தது. பக்கத்து டயர் கடைக்காரர் வந்து உளி வைத்து அடித்து அதைக் கழற்றினார். புரி ஒத்துப்போகிற நட்டு அவரிடம் ஒன்றே ஒன்று இருந்தது, தலை இருபத்தொன்று. அதைப் போட்டுவிட்டு, நாளைக்கு வந்து பத்தொன்பதாக மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

டயாலிசிஸ் வீட்டில் நாளை என்று தனியாக ஒரு நாள் கிடையாது. டயாலிசிஸ் நாள், அதற்கு மறுநாள், அவ்வளவுதான். டயாலிசிஸ் நாளில் நேரம் இருக்காது. மறுநாளில் உடம்பில் தெம்பு இருக்காது, அவளுக்கும் சரி, எனக்கும் சரி. நட்டை மாற்றுவதற்குப் பதிலாக ஆறு பட்டை உள்ள இருபத்தொன்று சாக்கெட் ஒன்றையும் நீளக் கைப்பிடியையும் வாங்கி, துணியில் சுற்றி, டிரைவர் சீட்டுக்கு அடியில் வைத்தேன். பொருளை மாற்றத் தெம்பில்லாதவன் பழக்கத்தை மாற்றிக்கொண்டான். ஒன்றரை வருஷம் அப்படியே ஓடியது.

போன வருஷம் ஆயுத பூஜை ஞாயிற்றுக்கிழமை வந்தது. முன்பெல்லாம் வீடு முழுக்கத் துடைத்துக் கழுவிப் பொட்டு வைப்பாள். இப்போது நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து கொடுங்கள் என்றாள். தையல் மிஷின் இருந்த இடத்திலேயே இருந்தது. அரிவாள்மனை, சுத்தியல், திருப்புளி எல்லாம் அவள் மடிக்கு வந்தன. சீட்டுக்கு அடியில் இருந்த சாக்கெட்டையும் நானே எடுத்துவந்து கொடுத்தேன். நம்மைக் காப்பாற்றுகிற சாமான், அதற்கும் ஒரு மரியாதை இருக்கட்டும் என்று நினைத்தேன். சந்தனத்தைக் குழைத்து அதன் முதுகில் பூசி, நடுவில் குங்குமம் வைத்தாள். சாயந்தரம் நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்துக் காரை ஒரு முழம் நகர்த்தினேன். காருக்கான பூஜை அதோடு முடிந்தது. மற்ற சாமான்கள் பூஜை அலமாரியிலேயே இருந்தன. மறுநாள் மறுபூஜை செய்து, சூடம் காட்டித்தான் அவற்றை எடுப்பது எங்கள் வழக்கம்.

மறுநாள் திங்கள். வாரத்திலேயே கெட்ட நாள் அதுதான். மற்ற முறைகளுக்கு நடுவில் ஒரு நாள்தான் இடைவெளி. வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் இரண்டு நாள். குடித்த தண்ணீரெல்லாம் காலிலும் நெஞ்சிலும் தேங்கி நிற்கும். அன்று காலை அவளுக்குச் செருப்பு ஏறவில்லை. இரண்டு வார்த்தை பேசுவதற்குள் மூச்சு வாங்கியது. பதினொரு மணிக்கு அவளுடைய படுக்கை. பதினொன்றரை வரை பார்ப்பார்கள். வராவிட்டால் காத்திருக்கிற அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். பண்டிகை என்பதால் பாதி ஆட்கள்தான் வேலைக்கு வருவார்கள், தாமதம் வேண்டாம் என்று முந்தின நாளே போன் வந்தது.

குளித்து, விளக்கேற்றி, சூடம் காட்ட அவளால் முடியவில்லை. வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றாள். கிளம்பும்போது அலமாரி முன்னால் ஒரு நிமிஷம் நின்றேன். சாக்கெட் பொட்டோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கையை நீட்டினேன், எடுக்க மனம் வரவில்லை. வைத்த கைக்கு இருக்கிற அக்கறை எடுக்கிற கைக்கும் வேண்டாமா என்று தோன்றியது. இருபது கிலோமீட்டர்தானே, என்ன ஆகிவிடும் என்று வெறுங்கையோடு கிளம்பினேன்.

என்ன ஆகுமோ அது ஆனது. பருத்திப்பட்டு தாண்டிக் காடுவெட்டி பக்கம் போகும்போது, ரோட்டோரம் தோண்டிப் போட்டிருந்த மண்ணில் நீட்டிக்கொண்டிருந்த கம்பி ஒன்று டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிட்டது. ஒட்டுப்போடுகிற கிழிசல் இல்லை. எந்த டயர் என்று இறங்கிப் பார்ப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும். இடது பின்பக்கம். பத்தே கால் மணி.

மூன்று நட்டையும் வீல் ஸ்பேனரால் தளர்த்தினேன். மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். அவர் தலைமேல் வைத்துப் பார்த்தால் ஸ்பேனர் உள்ளேயே இறங்கவில்லை. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள். இவருக்கு வீக்கம்தான் இருந்தது. போனில் ஆட்டோ கூப்பிட்டேன். இரண்டு ஆட்டோ வருகிறேன் என்று சொல்லி, வராமலே கைவிட்டன. ரோட்டில் போன ஆட்டோக்கள் எல்லாம் வாழைக்கன்று கட்டிக்கொண்டு, குடும்பம் குடும்பமாகப் போயின. ஷேர் ஆட்டோவில் அவளை நெருக்கி உட்கார வைக்க முடியாது. இடது கையில் டயாலிசிஸுக்காக நரம்பை இணைத்து வைத்திருக்கிறார்கள். ஒரு இடி பட்டால் போச்சு. அவள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, காலை வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். நீ செய்வாய் என்று விட்டுவிட்ட முகம். அந்த முகத்தைப் பார்ப்பதைவிட அவள் திட்டியிருந்தால் மேல்.

நூறு அடி தள்ளி ஒரு டயர் கடை இருந்தது. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனேன். புதுச் சட்டை போட்ட ஒருவர், நாற்பது வயது இருக்கும், வாழையிலை முன்னால் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தார். இலைமேல் கடையின் மொத்தச் சாமானும் சந்தனக்காப்பில் இருந்தது.

"இன்னிக்கு கடை இல்ல அண்ணாத்தே. எல்லாம் சாமிகிட்ட கீது" என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். ஒரு இருபத்தொன்று சாக்கெட், ஒரு கைப்பிடி, கால் மணி நேரம். அவர் முகம் இளகியது, ஆனால் கை நகரவில்லை. மத்தியானம் சூடம் காட்டித்தான் எடுப்போம், அதற்கு முன்னால் எடுத்தால் வருஷம் பூராவும் தொழில் படுத்துவிடும் என்றார். அவரை நான் என்ன சொல்வது? ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னால் என் வீட்டு அலமாரியில் இதையேதான் நானும் செய்துவிட்டு வந்திருந்தேன். ஓனரைக் கேளுங்கள் என்று கெஞ்சினேன். ஓனர் பூந்தமல்லி பாய் ஒருவர். பூஜை வைப்பது வேலைக்காரர்கள், பொரி கடலை வாங்கிக் கொடுப்பது பாய், பல வருஷமாக அப்படித்தான் என்று சொல்லிக்கொண்டே போனை ஸ்பீக்கரில் போட்டார்.

பாய் முழுக்கக் கேட்டார். அப்புறம் நிதானமாகச் சொன்னார்.

"சாமி எங்கயும் பூடாதுபா. மூச்சுதான் பூடும். எடுத்துக் குடு. பொட்டு மட்டும் அழியாம பாத்துக்கச் சொல்லு, பசங்க மனசு கஷ்டப்படும்."

எடுக்கலாம் என்று ஆனதும் அடுத்த சிக்கல். எது இருபத்தொன்று? அளவு சாக்கெட்டின் முதுகில்தான் கொத்தியிருக்கும். அதன்மேல்தான் சந்தனமும் குங்குமமும். வரிசையை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. கோபுரம் மாதிரி இருக்கட்டும் என்று பெரியதை நடுவிலும் சின்னதை இரண்டு பக்கமும் அடுக்கியிருந்தார்கள். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்து இரண்டை எடுத்துக் கொடுத்தார்.

"கண்ணாலயே எட்த்துருவேன் அண்ணாத்தே. இதுல ஒண்ணு இருவத்தொண்ணு, சத்தியமா."

இன்னொன்று என்ன என்று கேட்க நேரம் இல்லை. விளக்கு எரிகிறது, கடையை விட்டு வர முடியாது என்றார். கைப்பிடியையும் வாங்கிக்கொண்டு ஓடினேன். ஓடினேன் என்று எழுதுகிறேன். ஐம்பத்தெட்டு வயதில் அது வேகமான நடைதான்.

முதல் சாக்கெட்டை மாட்டினேன். கொஞ்சம் தள்ளி அழுத்தியதும் போய் உட்கார்ந்தது. ஆட்டிப் பார்த்தேன். ஆடவில்லை. அந்த ஒரு வினாடி சந்தோஷம் இருக்கிறதே, சொல்லி மாளாது. கைப்பிடியை மாட்டி, சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நின்று, ஒரு காலைத் தூக்கி அதன்மேல் வைத்தேன்.

"எத்தினி அது?" என்றாள்.

இருபத்தொன்று, ஆடவே இல்லை என்றேன்.

"நம்பர பாத்தீங்களா?"

நம்பர் சந்தனத்துக்கு அடியில் இருக்கிறது, பொட்டை அழிக்கக்கூடாது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்றேன். உண்மையில் அழிக்க எனக்கே கை வரவில்லை. கடைக்காரருக்காக மட்டும் இல்லை. மூச்சுக்கு அல்லாடிக்கொண்டு ஒருத்தி எதிரே உட்கார்ந்திருக்கும்போது, அவள் கண்ணெதிரே எதன் நெற்றியிலிருந்தும் குங்குமத்தைத் துடைக்க எனக்குத் துணிச்சல் இல்லை. அதை அவளிடம் சொல்லவில்லை. சொல்லாததும் அவளுக்குக் கேட்கும்.

மூச்சு முட்டுகிற நாளில் மட்டும் அவள் என்னை ஒருமைக்கு இறக்கிவிடுவாள்.

"யோவ். பொட்டு அழிஞ்சா போறவன் புருசன்தான். பொண்டாட்டி இல்ல. ஒனக்கு பயமா கீதுன்னா சொல்லு, விட்டுடறேன். இல்லன்னா குடு இங்க."

சிரித்துவிட்டேன். அவளும் சிரிக்கப் பார்த்தாள், இருமல் வந்துவிட்டது. காலை இறக்கி, சாக்கெட்டைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். முந்தானை நுனியை நாக்கில் நனைத்து, முதுகைத் தேய்த்தாள். சந்தனம் போய் எழுத்து தெரிந்தது. இருபத்திரண்டு.

எனக்குப் புரியவில்லை. இருபத்திரண்டு என்றால் ஆட வேண்டுமே? திருப்பி உள்ளே பார்த்தாள். கொண்டை ஊசியை உருவி உள்பட்டையைச் சுரண்டினாள். காய்ந்த சந்தனம் பொருக்குப் பொருக்காக விழுந்தது. பூசினவர் பக்தியாகப் பூசியிருக்கிறார், உள்ளும் புறமும். நான் இறுக்கம் என்று நினைத்தது இரும்பு இல்லை, சந்தனம். மிதித்திருந்தால் சந்தனம் பொடியாகியிருக்கும், மாப்பிள்ளையின் மூலைகள் வழுக்கியிருக்கும். உளியும் கிடையாது, அடிக்க ஆளும் கிடையாது. அவளை நான் எங்கே கொண்டுபோயிருப்பேன் என்று இன்றைக்கும் யோசிக்க விரும்பவில்லை.

இரண்டாவதையும் துடைத்தாள். இருபத்தொன்று. அதன் உள்ளேயும் ஊசியால் சுரண்டி, ஊதி, சக்கரத்தின் பக்கம் நீட்டினாள். ஊதினதில் அவளுக்கு இருந்த மூச்சும் போய்விட்டது. கதவில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

மாட்டினேன். பட்டையோடு பட்டை ஒட்டி, ஆறு பக்கமும் உட்கார்ந்தது. அடிவரை இறங்கிவிட்டதா என்று விரலால் தடவிப் பார்த்தேன். காலை வைத்து, மிதிக்காமல், மெதுவாகக் கனத்தைக் கொடுத்தேன். சத்தம் இல்லை. கைப்பிடி வெண்ணெயில் இறங்குகிற மாதிரிக் கீழே இறங்கியது. பிறகு ஜாக்கி, ஸ்டெப்னி, நாலு நட்டு. வியர்வை கண்ணுக்குள் வழிய, எது பத்தொன்பது எது இருபத்தொன்று என்று பார்த்துப் பார்த்து இறுக்கினேன்.

சாக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கப் போகுமுன் இரு என்றாள். கைப்பையில் கோயில் குங்குமப் பொட்டலம் ஒன்று எப்போதும் வைத்திருப்பாள். தண்ணீர் பாட்டிலின் மூடியில் ஒரு சொட்டு விட்டுக் குழைத்து, இரண்டு சாக்கெட்டுக்கும் மறுபடி பொட்டு வைத்தாள். அவளுக்கு ஒரு நாளைக்கு அளந்த தண்ணீர்தான். அதில் ஒரு சொட்டு அது. நடந்ததை ஒளிக்காமல் கடைக்காரரிடம் சொன்னேன். அவர் பொட்டைப் பார்த்தார், ஷட்டருக்கு வெளியே தெரிந்த காரையும் பார்த்தார்.

"சந்தனத்த உள்ள அப்புனது நான்தான். அக்கா கையால பொட்டு ஏறிச்சில்ல, அது போதும். கெளம்பு அண்ணாத்தே."

பூந்தமல்லி போய்ச் சேரும்போது பதினொன்று இருபத்தெட்டு. அவளுடைய படுக்கையில் வேறு ஒருவருக்காகப் புது விரிப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள். காத்திருந்த பெரியவர் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் மறுபடி உட்கார்ந்துகொண்டார். அவர் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. நாலு மணி நேரத்தில் அரை மணி குறைத்துத்தான் போட முடியும், அடுத்தவர்கள் இருக்கிறார்கள் என்று டெக்னீஷியன் சொன்னார். சரி என்றோம். அந்த அரை மணிக்கான தண்ணீர் உடம்பிலேயே நின்றது. புதன்கிழமை வரை அவள் குடிக்கிற டம்ளரைப் பாதியாக்கிக்கொண்டாள்.

திரும்பி வரும்போது கடையில் மறுபூஜை முடிந்திருந்தது. கடைக்காரர் வண்டியை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். பத்தொன்பது நட்டு ஒன்று தேடி எடுத்து வைத்திருந்தார். இன்னொரு நாள் வருகிறேன் என்றேன். உண்மையாகவே அப்படித்தான் சொன்னேன், அவ்வளவு அலுப்பு. பின்சீட்டிலிருந்து, கண்ணைத் திறக்காமலே, "இன்னிக்கே" என்று ஒரு குரல் வந்தது. அவர் நட்டுக் கழற்றுகிற காற்றுத் துப்பாக்கியை வைத்தார். மூன்று வினாடியில் மாப்பிள்ளை வெளியே வந்துவிட்டார். எங்கள் காலை முழுவதையும் தின்றவர், உள்ளங்கையில் ஒரு நெல்லிக்காய் அளவுதான் இருந்தார்.

அந்த நட்டைத் தூக்கிப் போடவில்லை. இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு சுத்தியல் வந்தது, அரிவாள்மனை வந்தது. சீட்டுக்கு அடியில் இருந்த சாக்கெட்டை எடுக்கப் போனேன். நட்டை மாற்றியபின் அங்கே இருப்பது பத்தொன்பது சாக்கெட்தான். வேண்டாம் என்றாள், அது வண்டியிலேயே இருக்கட்டும். அலமாரியின் மூலையில் கிடந்த பழைய நட்டை எடுத்துவரச் சொல்லி, மடியில் வைத்துச் சந்தனம் பூசிப் பொட்டு வைத்தாள்.

"நம்மள படுத்துனது இவன்தான? இவனே ஒக்காரட்டும். சாமி இன்னா, அளந்தா பாக்கப் போவுது?"

நட்டின் நடுத் துளையில் ஒரு பூவைச் செருகினாள். மறுநாள் டயாலிசிஸ் நாள். கார் சாவியை அலமாரியில் வைக்காமல் வாசல் ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்தேன்.